ஸ்கெலிட்டன் கடிகாரமும் ஒரு தவறான வாதமும்

உள்யந்திரம் முழுவதும் கண்ணாடி வழியே பிரத்தியட்சமாகத் தெரிகிறபடியால், பழைய ஆட்டோமேட்டிக் ஸ்கெலிட்டன் கைக்கடிகாரம் வாங்குகிறவருக்குக் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் தயவு அவசியமில்லை என்று நண்பர் ஒருவர் வாதிக்கிறார். இந்த அபிப்பிராயத்தை நம்பிப் பணத்தை இழக்கப் போகிறவர்கள் சொற்ப வருமானக்காரர்களே ஆதலால், நான் இதை வன்மையாக மறுக்கிறேன். பாலன்ஸ் சக்கரம் ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, வாஸ்தவம். ஆனால் உருளைக்குள் சுருண்டு கிடக்கும் மெயின் ஸ்பிரிங்கின் வலிவும், அச்சைத் தாங்கும் கல்லின் குழியில் பிசினாகிவிட்ட எண்ணெயும் எந்தக் கண்ணாடி வழியாகவும் தெரிவதில்லை. எண்ணெய் காய்ந்த யந்திரமும் நாலு முறை குலுக்கினால் ஓடத்தான் செய்யும்.

ஆகையால் வாங்குமுன் பூதக்கண்ணாடி வைத்துத் திருகாணிகளின் தலைப் பள்ளத்தைப் பாருங்கள். அதன் ஓரம் சிதைந்து பளபளத்தால், பக்குவமற்ற கை உள்ளே புகுந்திருக்கிறது என்று அறியலாம்.

கற்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்குவதும் வீண்; எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதையே பார்க்க வேண்டும். உதாரணமாக, மணிக்கு 21,600 துடிப்புகள் கொண்ட மியோட்டா 8என்24 யந்திரம், முழு முறுக்கில் சுமார் 42 மணி நேரம் ஓடும்படி அமைந்தது. அதைப் பொருத்திய கடிகாரத்தை நன்றாக முறுக்கி மேசைமேல் வைத்தபின் அது 20 மணி நேரத்தில் நின்றுவிடுமானால், விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும் சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டே விலை பேச வேண்டும். பெயரோ எண்ணோ பொறிக்காத யந்திரமாயின் உதிரி பாகம் கிடைப்பதே துர்லபம்.

கடிகாரத்தின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துக் காட்ட மறுப்பவரிடம், விலை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.