சாத்தானுக்குப் பெயர் சூட்டுமுன்…

 

சென்ற விடுமுறையில், கங்கைகொண்டானில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு புது விளையாட்டு அரங்கேறிற்று. வெளியூரிலிருந்து வந்திருந்த பேரன், பல முகங்கள் கொண்ட பகடைகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பரப்பினான். ஒருவன் கதை சொல்ல, மற்றவர்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் பாத்திரமேற்று, பகடையில் விழும் எண்ணுக்கேற்பக் கதையை நடத்திச் செல்ல வேண்டும். எதிர்த்து வரும் சாத்தான்களுக்குப் பெயர் சூட்டுவது கதை சொல்பவனின் பொறுப்பு.

“இதென்ன ஷைத்தான் விளையாட்டு?” என்று வீட்டார் பதறினர். இப்பதற்றம் புதிதன்று. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டமே இவ்வகைக்கு முன்னோடி. அங்கும் பெற்றோர் பலர் ஆட்சேபித்தனர். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்னும் சொற்கள் நீக்கப்பட்டன. பின்னர் அவற்றுக்கு ஈடாக ‘பாட்டெசு’, ‘டனாரி’ என்று புதுப்பெயர்கள் புனையப்பட்டன. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பழைய சொற்களே திரும்பிவிட்டன! பெயர் மாறிற்றேயன்றி ஆட்டம் மாறவில்லை.

அவ்வாட்டத்தில் ஜின்னும் இஃப்ரீத்தும்கூட உண்டு. சூரா அந்நம்லில், சுலைமான் நபி (அலை) அவர்களின் சபையில் பேசும் இஃப்ரீத்தை நம் பிள்ளைகள் அங்கே வெறும் விளையாட்டுப் பாத்திரமாகச் சந்திக்கின்றனர். அச்சொல் எங்கிருந்து வந்தது என எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா?

ஆயினும் என் நெஞ்சை உறுத்தியது வேறொன்று. புனைபெயர்கள் தீர்ந்துபோகவே, ஒரு சிறுவன் “நொண்டிச் சாத்தான்!” என்று கூவினான். எல்லோரும் கொல்லென்று சிரித்தனர். எங்கள் தெருவில் கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. அஸர் தொழுகைக்காக அவ்வேளையில்தான் அவர் வாசலைக் கடந்துகொண்டிருந்தார். ஒரு கணம் நின்றார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் அவர் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குச் சென்றார்.

பிள்ளைகளை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியிலேயே முடப்பேய், குருட்டுப்பேய், ஊமைப்பேய், கூன்பேய் என்று பேய்கள் அணிவகுக்கின்றன. அச்சமூட்டும் உருவொன்று வேண்டுமென்றால், மனிதனின் கற்பனை முதலில் போய் நிற்பது அயலானின் உடற்குறையிடம்தான்! சோறுண்ண மறுக்கும் குழந்தையிடம், தெருவில் போகும் ஏழைக் கிழவரைக் காட்டிப் “பூச்சாண்டி வருகிறான்” என்று நாமே சொல்வதில்லையா? பட்டப்பெயரிட்டு ஒருவரையொருவர் இழிவுபடுத்தலாகாது என்று சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் விலக்கியிருப்பதை நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்!

ஆட்டத்தை நான் தடுக்கவில்லை. அச்சிறுவனை அழைத்துக்கொண்டு பெரியவரின் இல்லம் சென்றேன். ஸலாம் கூறி, கண்கலங்கி, மன்னிப்புக் கேட்டான். அவர் அவன் தலையைத் தடவி, “நீ சின்னப்பிள்ளை வாப்பா, எனக்கு ஒன்றுமில்லை” என்றார். ஆனால் அவர் குரல் தழுதழுத்ததை அவனும் கேட்டான்.

திரும்பும் வழியில், “அப்படியானால் சாத்தானுக்கு என்ன பெயர்தான் வைப்பது, நன்னா?” என்றான். “திருக்குர்ஆனின் கடைசி சூராவில் அவன் ‘கன்னாஸ்’ எனப்படுகிறான். ஊசலாட்டத்தை உண்டாக்கிவிட்டுப் பின்வாங்கி ஒளிபவன் என்று பொருள். அவன் செயலே அங்கே பெயராகிவிட்டது. நீயும் அவ்வாறே தேடு” என்றேன்.

அன்று மாலை நோட்டுப் புத்தகத்தில் புதிய பெயர்கள் ஏறின: கோள்மூட்டி, வீண்செலவன், பொய்ச்சத்தியன். எல்லாவற்றையும் பிந்தித்தள்ளச் செய்யும் சாத்தானுக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘நாளைக்காரன்’. அவனைத்தான் வெல்ல முடியவில்லையாம்!

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் அந்த நாளைக்காரன் இருப்பான். பிள்ளைகளின் அருகில் அமர்ந்து அவர்கள் விளையாட்டைக் கேட்பதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.