துறந்தாலும் சாகாத பட்டம்

பிரிட்டனில் பிரபுப் பட்டம் சொத்து மாதிரி. அப்பன் செத்த நிமிசமே மகன் தலையில் வந்து உட்காரும். வேணுமா வேணாமான்னு யாரும் கேட்பதில்லை. பெண்ணாகப் பிறந்தால் பெரும்பாலான பட்டங்களுக்கு வரிசையிலேயே இடம் கிடையாது.

ஸ்டான்ஸ்கேட் வைகவுன்ட் பட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1942இல் உண்டாக்கியது. வாங்கியவர் தொழிற்கட்சிக்காரரான வில்லியம் வெட்ஜ்வுட் பென். 1930இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் நமக்காகப் பேசியபோது இந்தியா மந்திரியாக இருந்தவர் இவர்தான். மூத்த மகன் 1944இல் இறந்துவிட, வாரிசானவர் அடுத்த மகன் டோனி பென்.

டோனி பென் 1950இலிருந்தே பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் எம்.பி. 1960இல் அப்பா இறந்ததும் இவர் பிரபு ஆகிவிட்டார். பிரபு மக்கள் சபையில் உட்காரக் கூடாது, வெளியே போ என்றார்கள். அவர் விடவில்லை. 1961 இடைத்தேர்தலில் நின்றார். சனங்க 13,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வச்சாங்க. தேர்தல் நீதிமன்றமோ தோற்றுப்போன கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தது. இத்தனைக்கும் அவரும் இன்னொரு பட்டத்துக்கு வரிசையில் நின்றவர்! ஓட்டு தோற்றது, பிறப்பு ஜெயித்தது.

பென் ஓயவில்லை. 1963 ஜூலை 31இல் பட்டத்தைத் துறக்க அனுமதிக்கும் சட்டம் வந்தது. அன்றைக்கே துறந்த முதல் ஆள் அவர். ஆகஸ்டில் மறுபடி ஜெயித்தார். ஆனால் அந்த வாசல் வழியாக வேறு யார் வந்தார்கள்? அதே அக்டோபரில் பிரதமரான 14ஆவது ஹோம் ஏர்ல், நாலே நாளில் பட்டத்தைக் கழற்றி வைத்தார். எதிர்த்தவன் போராடித் திறந்த கதவு ஆண்ட பரம்பரைக்கும் உதவியது.

சூட்சுமம் சட்டத்திலேயே இருக்கிறது. துறப்பவரின் ஆயுள் வரைக்கும்தான் துறப்பு. அதுவரை பட்டம் தூங்கும், சாகாது. 2014இல் பென் இறந்தார். பட்டம் எழுந்து மகன் ஸ்டீபனிடம் போனது. 1999 சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை மட்டும் சபையில் விட்டுவைத்திருந்தது. அந்த வழியாக 2021இல் ஸ்டீபனும் பிரபுக்கள் சபைக்குள் போனார்.

பென்னின் நேர்மையில் நமக்குச் சந்தேகமில்லை. ஒருத்தர் இறங்கிப் போக வழி விட்டார்கள், ஏணியை யாரும் உடைக்கவில்லை என்பதுதான் பிரச்சனை. பிறப்பால் வந்த உயர்வை நான் விட்டுட்டேன் என்று யாராவது சொன்னால் தோழர்களே, ஒன்று கேளுங்கள்: நீ விட்டது சரி, உன் பிள்ளைக்காக அது தூங்கிக்கிட்டிருக்கா, செத்துப்போச்சா?