முன்பிணையும் பாதிக்கப்பட்டோரின் குரலும்

பொய்வழக்கில் சிக்கவைக்கப்படும் அப்பாவிக்கு முன்பிணை ஒரு கேடயம். ஆனால் சாதிவெறியோடு அரிவாள் வீசியவன், கைதாகுமுன்பே அதனைப் பெற்று அதே ஊருக்குள் நடமாடினால் சாட்சி சொல்ல எவர் துணிவார்? இதனை உணர்ந்தே, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்க இந்தியா 1989 இல் இயற்றிய சட்டம், தனது 18 ஆம் பிரிவில் முன்பிணையைத் தடை செய்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தடையைத் தளர்த்தியது. நாடெங்கும் போராட்டம் வெடித்தபின், அவ்வாண்டே நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்துத் தடையை மீட்டது. 2020 இல் நீதிமன்றமும் அதனை ஏற்றது. முதல்நோக்கில் குற்றம் புலப்படாத வழக்குகளுக்கு மட்டும் விலக்களித்தது.

அவ்விலக்கு குற்றவாளிகளின் புகலிடமாகிவிடக் கூடாது. பிணை விசாரணையில் பாதிக்கப்பட்டவரும் கேட்கப்பட வேண்டும் என்கிறது 15அ பிரிவு. அறிவிப்பு அனுப்பியதோடு கடமை முடிந்ததெனக் கருதாமல், தாக்கப்பட்டவர் வழக்கறிஞரோடு மன்றில் நின்று பேச வழிசெய்வதே நீதியாகும்.