சீட்டு கிடைச்சிருச்சு, சொல்லித்தர ஆள் எங்கே?

ஆராய்ச்சி என்பது தனி ஒருத்தனுடைய மூளையின் விளைச்சல் என்று இன்னமும் அளந்துகொண்டிருக்கிறார்கள் தகுதி, திறமைக்காரர்கள். கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுத்தப் பொய்.

ஆபரேட்டிங் சிஸ்டம், தகவலைச் சேமிக்கும் அமைப்புகள், ஆயிரக்கணக்கான கணினிகளை ஒன்றாக ஓட்டும் மென்பொருள், இதெல்லாம் எங்கள் துறை. இங்கே யோசனை மட்டும் செல்லாது. கட்டி, ஓட்டி, அளந்து காட்டணும். மூணு வருஷம் ராப்பகலா புரோகிராம் எழுதி வந்து நிற்கிறவனை, 'இந்தப் பிரச்சினை யாருக்கு இருக்கு? எதோட ஒப்பிட்டு அளந்தே?' என்ற ரெண்டு கேள்வி சாய்த்துவிடும். அதே கேள்வி முதல் வருஷமே காதில் விழுந்தவன் தப்பித்தான்.

யார் காதில் விழுகிறது? டாக்டோரல் கமிட்டியில் கையெழுத்துதான் விழுகிறது. நிஜமான திருத்தம் டீ குடிக்கிற இடத்தில், பேராசிரியர் வீட்டுச் சாப்பாட்டில் நடக்கிறது. 'எந்த ஊர்? அப்பா என்ன பண்றார்?' என்று விசாரித்து முடித்த பிறகு என்னை அந்த டீக்கு யாரும் கூப்பிட்டதில்லை. கிராமத்து இரட்டைக் குவளை கண்ணுக்குத் தெரியும், போட்டோ எடுக்கலாம். இதை எப்படி எடுப்பீர்கள்?

சேலத்துச் செந்தில்குமாரை மறந்துவிடாதீர்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்குச் சேர்ந்தவர். 2008இல் அவர் உயிரை விட்டபோது அவருக்கு வழிகாட்டியே ஒதுக்கப்படவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலா. அவருக்கு உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோயிருந்தது.

ஐரோப்பாவில் 2006இலிருந்து யூரோசிஸ் மாநாடு நடக்கிறது. அதையொட்டி முனைவர் பட்ட மாணவர்களுக்கென்றே ஒரு பட்டறை. பாதியில் நிற்கிற ஆய்வைச் சில பக்கங்களில் எழுதி அனுப்பலாம். அனுபவசாலிகள் படித்துக் குறை நிறை சொல்கிறார்கள். மாணவர் எழுந்து பேசுகிறார், முன்பின் தெரியாத ஒரு மூத்த ஆய்வாளர் அந்த ரெண்டு கேள்வியைக் கேட்கிறார். அவருக்கு என் ஊரும் தெரியாது, தெருவும் தெரியாது. நமக்கு வேண்டியது அந்த அந்நியர்தான்.

ஆனால் அந்த வாசலுக்கும் காவல் உண்டு. எஸ்ஓஎஸ்பி, ஓஎஸ்டிஐ போன்ற பெரிய மாநாடுகளில் எழுதியவர் பெயரை மறைத்துத்தான் கட்டுரையை மதிப்பிடுகிறார்கள். மாணவர் பட்டறைகள் பலவற்றில் வழிகாட்டி யார் என்று கேட்கிறார்கள், சிலவற்றில் அவர் கடிதமும் வேண்டும். எந்தக் கை இங்கே தடுத்ததோ அந்தக் கையிடமே அனுமதிச் சீட்டு வாங்கணுமாம்! விமானச் செலவை முதலில் நீ போடு, ரசீது கொடு, பிறகு தருகிறோம் என்பார்கள். வட்டிக்கு வாங்கி விசா எடுக்கிறவன் எத்தனை பேர்?

சட்டப்படி 15 சதவீதம் பட்டியல் சாதியினருக்கு, 7.5 பழங்குடியினருக்கு. 2015 முதல் 2019 வரை ஐஐடிகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களில் பட்டியல் சாதியினர் சுமார் 9 சதவீதம், பழங்குடியினர் சுமார் 2. அந்த இடங்களுக்கான சண்டை நிற்கக் கூடாது. அதோடு இன்னொன்றையும் சேர்ப்போம் தோழர்களே. இடஒதுக்கீடு நாற்காலியைத் தருகிறது. உட்கார்ந்தவனிடம் பேசு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆகவே கேட்போம். இந்தப் பட்டறைகள் இங்கேயே, இலவசமாக நடக்கட்டும். வழிகாட்டி கடிதம் இல்லாமலே மாணவர் நேரடியாக விண்ணப்பிக்கட்டும். முதல் வாசிப்பில் பெயரும் நிறுவனமும் மறைந்திருக்கட்டும். சொல்கிற குறையை எழுத்தில் கொடுக்கட்டும். பயணக் காசை முன்கூட்டியே கையில் கொடுக்கட்டும்.

இது சலுகை இல்லையா என்பார்கள். தாத்தா காலத்திலிருந்து திண்ணையில் உட்கார்ந்து திருத்தம் வாங்கிய வீட்டுப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. அவர்களுக்குக் கிடைத்ததை மட்டும் ஏன் யாரும் சலுகை என்று எழுதவில்லை?