இசைக்கு நிறமில்லையாம்!

"இசைக்குச் சாதி இல்லை, நிறம் இல்லை, எல்லை இல்லை." பழைய ஆங்கிலப் பாட்டுப் பிரியர்கள் முகநூலில் மாதம் ஒருமுறையாவது இதைப் பகிர்கிறார்கள். கூடவே நெற்றியை மூடிய முடியோடு நான்கு வெள்ளை இளைஞர்களின் படம் இருக்கும். 1960களின் பாப் குழுக்கள் உலகத்தையே ஒன்றாக்கிவிட்ட கதை கீழே எழுதப்பட்டிருக்கும். நம் மாணவத் தோழர்கள் சிலரும் அதற்கு இதயக்குறி போட்டிருந்தார்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

பாட்டுகள் மேல் நமக்குக் கோபமில்லை. நல்ல பாட்டுகள்தான், இன்றும் கேட்கிறோம். நிலம் என்றால் உழுதவர் யார், பட்டா யார் பெயரில் என்று உடனே கேட்கத் தெரிந்த நாம், பாட்டு என்றால் மட்டும் ஏன் உருகி உட்கார்ந்துவிடுகிறோம் என்பதுதான் கேள்வி. பாட்டுக்கும் பட்டா உண்டு தோழர்களே. அதை யார் வைத்திருந்தார்கள் என்று பார்த்தால் நிறம் தெரியும்.

1961 டிசம்பர் ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அந்த மாதம் முதலிடத்துக்கு வந்த பாட்டு 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்'. பாடியவர்கள் மார்வெலெட்ஸ். டெட்ராய்ட் பக்கத்தில் இன்க்ஸ்டர் என்ற ஊரில் பள்ளியில் படித்த கறுப்பினப் பெண்பிள்ளைகள். அடுத்த வாரமே அதைத் தள்ளிவிட்டு முதலிடத்தில் உட்கார்ந்தது 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'. பாடியவர்கள் டோக்கன்ஸ், புரூக்ளினைச் சேர்ந்த வெள்ளை இளைஞர்கள். அடுத்தடுத்த இந்த இரண்டு வாரங்களுக்குள் அறுபதுகளின் மொத்தக் கதையும் இருக்கிறது என்போம்.

முதலில் சிங்கத்தின் கதை. அந்தப் பாட்டு புரூக்ளினில் பிறக்கவில்லை. 1939இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற ஜூலு இனத் தொழிலாளி தன் குழுவோடு பாடிப் பதிவு செய்தது அது. பெயர் 'ம்பூபே'. ஜூலு மொழியில் சிங்கம். லிண்டா, பாட்டைப் பதிவு செய்த காலோ நிறுவனத்திலேயே இசைத்தட்டுகளைப் பெட்டி கட்டும் வேலையில் இருந்தவர். கறுப்பர் நகரத்துக்குள் நடமாடவே அனுமதிச்சீட்டு காட்ட வேண்டியிருந்த நாட்டில் பாட்டின் உரிமைக்கு அவர் கையில் கொடுக்கப்பட்டது 10 ஷில்லிங். பதிவின் கடைசி நொடிகளில் அவர் அந்தக் கணத்தில் தோன்றியபடி இழுத்துப் பாடிய ஒரு சிறு மெட்டு இருக்கிறது. உலகம் இன்று முணுமுணுப்பது அதைத்தான்.

இசைத்தட்டு அமெரிக்கா போனது. பீட் சீகரின் வீவர்ஸ் குழு அதைப் பாடியது. ஜூலுச் சொல் காதில் தப்பாக விழுந்து 'விமோவே' ஆனது. பிறகு டோக்கன்ஸுக்காக மூன்று அமெரிக்கர்கள் ஆங்கில வரிகள் சேர்த்துத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். பாட்டு முதலிடத்தில் இருந்தபோது லிண்டா உயிரோடுதான் இருந்தார். அடுத்த ஆண்டு, 1962இல், வறுமையில் இறந்தார். பல ஆண்டுகளுக்கு அவர் சமாதிக்கு ஒரு கல்கூட இல்லை.

இதெல்லாம் திருட்டா? சட்டப்படி இல்லை. அதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஒவ்வொரு படியிலும் காகிதம் சரியாக இருந்தது, கையெழுத்து இருந்தது. நம் தாத்தாக்களிடம் கைநாட்டு வாங்கிய காகிதங்களும் அப்படிச் சரியாகத்தான் இருந்தன. பஞ்சமி நிலம் போன கதையைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டிஸ்னியின் 'தி லயன் கிங்' 1994இல் வந்து அந்தப் பாட்டை மறுபடியும் உலகமெங்கும் கொண்டுபோனது. 2000இல் ரியான் மாலன் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் லிண்டாவின் கதையை விரிவாக எழுதினார். அதன்பிறகு ஒரு வழக்கறிஞர் கண்டுபிடித்தது வேடிக்கையான விஷயம். பிரிட்டிஷ் பேரரசின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. படைத்தவர் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து அது வாரிசுகளிடம் திரும்பிவிடும். அப்படியானால் 1987இலேயே பாட்டு லிண்டாவின் மகள்களுக்குத் திரும்பியிருக்க வேண்டும். 2004இல் டிஸ்னி மீது வழக்கு, 2006இல் சமரசம், இழப்பீடு. காலனி அதிகாரியின் சட்டத்தைக் கொண்டே காலனியின் பேத்திகள் கேட்டு வாங்கினார்கள். சட்டப் புத்தகத்தை வெறுக்கும் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். அம்பேத்கர் ஏன் சட்டம் படிக்கச் சொன்னார் என்பதும் புரியும்.

இனி அந்தப் பெண்பிள்ளைகள். 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' பாட்டை முதலில் உருவாக்கியது ஜார்ஜியா டாபின்ஸ். நண்பர் ஒருவரின் பழைய ப்ளூஸ் பாட்டை வாங்கி, திருத்தி எழுதி, குழுவுக்குக் கொண்டுவந்தவர். அப்பா சம்மதிக்கவில்லை, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. பதிவுக்கு முன்பே குழுவிலிருந்து விலக வேண்டியதாயிற்று. நம் தெருவில் எத்தனை ஜார்ஜியாக்கள்! இன்னொரு பிள்ளை, கிளாடிஸ் ஹார்டன், முன்குரலில் பாடினார். (தாளம் போட்டது அப்போது பெயர் தெரியாத இளைஞராக இருந்த மார்வின் கே.) பாட்டு நாட்டின் முதலிடத்துக்குப் போயிற்று. அவர்களின் முதல் ஆல்பத்தின் அட்டையில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு தபால்பெட்டி. பாடியவர்களின் முகம் இல்லை. 1966இல் ஐஸ்லி பிரதர்ஸ் என்ற கறுப்பினச் சகோதரர்களின் ஆல்பத்துக்கு அட்டையாக வந்தது கடற்கரையில் ஒரு வெள்ளைக் காதல் ஜோடி. குரல் வேண்டும், முகம் வேண்டாம். நம் நாட்டில் ஒரு பாட்டு உலகமெங்கும் ஓடியபோது அதை எழுதிப் பாடியவரின் முகம் மட்டும் அட்டைப்படத்தில் காணாமல்போனது 2021இல். அப்போது கொதித்தவர்கள் நாம். அந்த அட்டைக்கு அறுபது வருட மூதாதை உண்டு.

1963இல் பீட்டில்ஸ் தங்கள் இரண்டாவது ஆல்பத்தில் இதே பாட்டைப் பாடினார்கள். அதே ஆல்பத்தில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்திலிருந்து வந்த பாட்டுகள் மொத்தம் மூன்று. இங்கேதான் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டை வேறொரு குழு பாடினால், எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் பணம் போகும். அந்தப் பாட்டுக்கு முதலில் உயிர்கொடுத்துப் பாடியவருக்கு ஒரு பைசா கிடையாது. அமெரிக்காவில் வழக்கமான வானொலியில் பாட்டு ஒலிபரப்பானால் இன்றைக்கும் பாடியவருக்குப் பணம் தருவதில்லை, எழுதியவருக்கு மட்டும்தான். ஆகவே பாட்டு எத்தனை நாடு சுற்றினாலும் அதைப் பாடிய இன்க்ஸ்டர் பிள்ளைகளின் வீட்டுக்கு அதனால் எதுவும் வரவில்லை. போகட்டும், மார்வெலெட்ஸ் என்ற பெயராவது அவர்களுடையதா? அதுவும் இல்லை. பிற்காலத்தில் வேறு யார் யாரோ அந்தப் பெயரில் மேடை ஏறினார்கள். கிளாடிஸ் ஹார்டன் தன் சொந்தக் குழுவின் பெயருக்காகப் போராடியே 2011இல் இறந்தார்.

"பீட்டில்ஸ் இனவெறியர்கள் இல்லையே" என்று உடனே ஒரு குரல் வரும். உண்மை. 1964 செப்டம்பரில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில், கறுப்பர்களைத் தனியாக உட்காரவைத்தால் பாடமாட்டோம் என்று அறிவித்தார்கள். அரங்கம் பிரிவினை இல்லாமல் நடந்தது. அதற்காக அவர்களை மதிக்கிறோம். ரோலிங் ஸ்டோன்ஸும் 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தங்களோடு ஹௌலின் வுல்ஃபைப் பாடவைத்து அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். நல்ல மனிதர்களாக இருப்பது வேறு, பட்டா மாறுவது வேறு. நல்ல பண்ணையார் என்று ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. அவர் வீட்டுத் திண்ணையில் நம்மை உட்காரவும் வைப்பார். வயல் யாருடையது?

எல்லோரும் அப்படி நன்றியோடும் இல்லை. பீச் பாய்ஸின் 1963 வெற்றிப் பாட்டு 'சர்ஃபின் யுஎஸ்ஏ', சக் பெரியின் மெட்டு. முதலில் வந்த தட்டில் பெரியின் பெயரே இல்லை. லெட் செப்பலின் 1969இல் பாடிய 'ஹோல் லாட்டா லவ்' தன் பாட்டிலிருந்து வந்தது என்று வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987இல் சமரசம் செய்துகொண்டார்கள். டிக்சன் அதோடு நிற்கவில்லை. வயதான ப்ளூஸ் கலைஞர்கள் தங்கள் பாட்டுப் பணத்தை மீட்க உதவும் ஓர் அறக்கட்டளையையும் நடத்தினார். நமக்குத் தெரிய வேண்டிய பெயர் இவருடையது. கிட்டார் கடவுள்களின் பெயர்கள் ஏற்கெனவே போதுமான அளவு தெரியும்.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம், இசைக்கு நிறமில்லை. பில்போர்டு பத்திரிகை கறுப்பர் இசைக்குத் தனிப் பட்டியல் வைத்திருந்தது. முன்பு அதன் பெயரே 'இனத் தட்டுகள்', 1949இல்தான் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' ஆனது. 1963 நவம்பர் இறுதியில் அந்தப் பட்டியலை நிறுத்திவிட்டார்கள். கறுப்பர் கேட்பதும் வெள்ளையர் கேட்பதும் ஒன்றாகிவிட்டது, தனிப் பட்டியல் எதற்கு என்ற வாதம். இரண்டரை மாதத்தில் பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். 1964 ஏப்ரல் 4 அன்று பொதுப் பட்டியலின் முதல் ஐந்து இடமும் பீட்டில்ஸ் பாட்டுகளே. 1965 ஜனவரியில் தனிப் பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். "இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள், இடஒதுக்கீடு எதற்கு" என்ற வாதத்தைக் கல்லூரியில் கேட்டிருப்பீர்கள். பொதுப்பிரிவு என்பது எப்போதும் யாருக்குப் பொது என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

நம் ஆட்களே முதலாளி ஆகிவிட்டால்? அந்தக் கேள்வியையும் தள்ளிவிடக் கூடாது. மோட்டவுனை 1959இல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய பெரி கார்டி ஒரு கறுப்பர். சாதாரண சாதனை அல்ல அது. சுப்ரீம்ஸ் குழு அங்கிருந்துதான் வந்தது. டெட்ராய்ட்டின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த மூன்று பெண்கள், அமெரிக்கப் பட்டியலில் 12 முறை முதலிடம். அந்தக் குழுவைத் தொடங்கிய ஃபுளோரன்ஸ் பல்லார்ட் 1967இல் வெளியேற்றப்பட்டார். மோட்டவுன் மீது போட்ட வழக்கு தள்ளுபடியானது. வீட்டை இழந்தார், அரசு உதவித்தொகையில் பிள்ளைகளை வளர்த்தார். 1976இல் இறந்தபோது வயது 32. அதே நிறுவனத்தின் பெரும்பாலான வெற்றிப் பாட்டுகளுக்கு அடித்தளத்தில் உட்கார்ந்து வாசித்த 'ஃபங்க் பிரதர்ஸ்' கலைஞர்களின் பெயர்கள் ஓர் ஆல்பத்தில் ஒழுங்காக அச்சானது 1971இல்தான். மேலே இருப்பவர் நம்மவர் என்பதால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. நம் இயக்கங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

இதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கலாம். 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ், பிளாக் பேந்தர்களைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் போராட்டத்தை நம்முடையதாக எடுத்துக்கொண்டோம். அவர்கள் பாட்டுகளை மட்டும் பீட்டில்ஸ் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு காரணம் வயிற்றுப்பாடு. நாங்கள் வேலை செய்யும் பகுதியில் பறை அடிக்கும், கானா பாடும் பையன்கள் பதிவுக்கூடங்களுக்குப் போய்வருகிறார்கள். ஒருநாள் கூலி, சாப்பாடு, ஒரு காகிதத்தில் கையெழுத்து. காகிதத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் "தெரியல அக்கா, இங்கிலீஷ்ல இருந்துச்சு" என்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். பாட்டு எழுதியவரும் மெட்டு அமைத்தவரும் ராயல்டியை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. திரையரங்கில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் விலக்கு. பாடுபவர், வாசிப்பவரும் தங்கள் நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்பட்டால் ராயல்டி கேட்கலாம். ஆனால் அதே சட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. திரைப்படத்தில் ஒருவர் பங்கு போகிறபோக்கில் வந்துபோவதாகவும், தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியல் உட்பட எங்கும் பெயர் குறிப்பிடப்படாததாகவும் இருந்தால், அவரைச் சட்டம் கலைஞராகவே கருதாது. தன் வாசிப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும் மிஞ்சும். "பேர் போடலைன்னா என்னக்கா, காசு குடுத்துட்டாங்கல்ல" என்று சொல்லும் தம்பிகள் இந்த இடத்தை இரண்டுமுறை படியுங்கள்.

உங்கள் தெருவில் பதிவுக்குப் போய்வந்த பையன்கள் இருந்தால், அவர்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் படத்தை எடுத்துக்கொண்டு மாலை வகுப்புக்கு வாருங்கள். சட்டம் படிக்கும் தோழர்கள் இருவர் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்கிறார்கள். இனிமேல் போகப்போகிறவர்கள் போடுவதற்கு முன்பே கொண்டுவாருங்கள்.