ஆகாயம் யாருக்குச் சொந்தம்?

இலங்கையில் தொலைக்காட்சி பிறந்த கதையைப் பலர் மறந்துவிட்டனர். 1979 ஏப்ரல் 13ஆம் திகதி தனியார் முயற்சியாய்த் தொடங்கிய சுயாதீனத் தொலைக்காட்சி, கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் எட்டிய ஒரு சிறு நிலையமே. இரண்டு மாதம் நிறையுமுன், ஜூன் 5ஆம் திகதி, அரசு அதனைத் தன்வசப்படுத்திக்கொண்டது. ரூபவாஹினி வந்தது 1982இல். ஆகவே, ஓர் ஊருக்கென்று குறைந்த வலுவில் ஒளிபரப்புவது இந்நாட்டுக்குப் புதுமையன்று. கொழும்புக்குக் கூடியது கல்முனைக்கு ஏன் கூடாது?

அலைவரிசைப் பற்றாக்குறை என்பார்கள். அந்த விடைக்கு இனி உயிரில்லை. பழைய முறையில் ஓர் அலைவரிசை ஒரு நிகழ்ச்சியையே சுமக்கும். டிஜிட்டல் எனப்படும் இலக்கமுறையிலோ அதே இடத்தில் பல துணை அலைவரிசைகள் அடங்கும். அமெரிக்காவில் 1982 முதல் குறைவலு நிலையங்களுக்கு அனுமதி உண்டு. இலக்கமுறைக்கு மாறியபின் அவற்றுட் பல, துணை அலைவரிசைகளில் சிறுபான்மை மொழிகளுக்கும் இடமளித்துள்ளன. இலங்கை 2014இல் ஜப்பானிய இலக்கமுறையைத் தேர்ந்தது. அதன் பின்னர் பத்தாண்டுக்கு மேலாயிற்று. காரியம் இழுபட்டதே கண்ட பலன். மாற்றத்தினால் பெருகும் இடம் யாருக்கு? ஏற்கெனவே கோலோச்சுவோருக்கே மேலும் நான்கு அலைவரிசைகளா?

1982ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் தொலைக்காட்சிக்கான அனுமதிப்பத்திரத்தை அமைச்சரின் கையில் வைத்தது. ஆனால் 1997இல், ஒலி ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், அலைகளைப் பொதுமக்களின் பொருட்டு அரசு தருமகர்த்தாவாக நின்றே கையாள வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தியது. தருமகர்த்தா சொத்தைத் தன் சுற்றத்துக்குப் பங்கிடலாமா?

தமிழ் அலைவரிசைகள் இல்லையா என்று கேட்பர். 1998இல் சக்தி வந்தது. 2009இல் வசந்தம் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் அவை கொழும்பிலிருந்து நம்மைப் பார்க்கும் கண்கள். மருதமுனைத் தறியின் ஓசையும், கரைவலை இழுப்போரின் கூலிக் கணக்கும், சம்மாந்துறை உழவனின் நெல் விலையும் அக்கண்களுக்கு அன்றாடச் செய்தியல்ல. பெருநாளிலும் பெருந்துயரிலும் மட்டுமே நாம் அவற்றின் நினைவுக்கு வருகிறோம். 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கடலுக்குக் கொடுத்தபோது கமெராக்கள் வந்தன, பிறகு போய்விட்டன.

2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்திற் கவிழ்ந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று இருந்திருந்தால் அப்பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று நாம் வாதிக்கவில்லை. எந்தப் பாதை நீரில் மூழ்கியது, எந்தப் பாலம் கடக்கத் தகாதது என்பதை மணிக்கு மணி சொல்லும் கடமை கொண்ட ஒரு நிறுவனமேனும் இக்கரையில் வேண்டாமா என்றே கேட்கிறோம்.

“கைத்தொலைபேசி இருக்கிறதே!” என்பது அடுத்த வாதம். ஆம், இருக்கிறது. 2018 பெப்ரவரி 26இல் அம்பாறை நகரில் என்ன நடந்தது? முஸ்லிம் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் எழுந்தது; பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மாத்திரை என்று காட்டப்பட்டது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் கூறியது. அதற்குள் பொய் முகநூல் வழியே ஊர் சுற்றிவிட்டது. முகமும் முகவரியும் இல்லாத வதந்திக்கு, முகமும் முகவரியும் உள்ள செய்தியே மருந்து.

மூன்றாவது ஐயம் நியாயமானது. உள்ளூர் நிலையம் உள்ளூர் அரசியல்வாதியின் ஊதுகுழலாகாதா? ஆகும், அவரிடம் கொடுத்தால். அரசிடமே விட்டாலும் பயனில்லை. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி உலகின் பாராட்டைப் பெற்றும், ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடைக்குக் கீழேயே இருந்தது. பெயர் சமூகத்துக்கு, பிடி அரசுக்கு!

எனவே நாம் கேட்பது இரவல் நேரம் அன்று. மீனவரும் நெசவாளரும் உழவரும் ஆசிரியரும் பெண்களும் பங்காளராகும் ஒரு கூட்டுறவு. அதற்கு ஒரு குறைவலு அனுமதிப்பத்திரம். இக்கரையில் பக்கத்துப் பக்கத்தே வாழும் முஸ்லிம், தமிழ் ஊர்கள் இரண்டும் ஒன்றையொன்று காணத் துணை அலைவரிசைகள். இடம் பங்கிடப்பட்ட பின்னர் அழுது பயனில்லை. பங்கிடுமுன் கேட்போம், உரத்துக் கேட்போம்.