மய்யித்துக்கு அளவெடுக்கும் நாம், மகளுக்கு அளவெடுக்க வெட்கப்படுவதா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

 

சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு, எங்கள் பெண்கள் மத்ரஸாவில் ஃபிக்ஹு வகுப்பின் இறுதிப் பதினைந்து நிமிடங்களில், வயதுக்கு வந்த மாணவியருக்கு உள்ளாடையின் அளவைப் பற்றிச் சொன்னோம். கதவு சாத்தியிருந்தது. ஆண்கள் எவரும் வளாகத்தில் இல்லை. ஓர் உஸ்தாத் தம் சுடிதாருக்கு மேலேயே இஞ்சு டேப்பை வைத்து, எங்கே அளக்க வேண்டும் என்று காட்டினார். நடந்தது இவ்வளவே.

மறுநாள் காலை ஒரு தாயும், அவருடன் குடும்பத்துப் பெரியவர்கள் இருவரும் வந்தனர். “குர்ஆன் ஓத அனுப்பினால் பாடியைப் பற்றியா பாடம் நடத்துவீர்கள்? வெட்கம் ஈமானில் சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டனர். தெரியும். அந்த நபிமொழியை ஆண்டுதோறும் அப்பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களே நாங்கள்தாம். அன்று பெரியவர்களுக்கு முன் அடக்கமாகச் சுருக்கிச் சொன்ன பதிலை, இங்கே விரித்து எழுதுகிறோம்.

எதற்காகப் பேசினோம்?

பதினைந்து வயது மாணவி ஒருத்தி சில வாரங்களாக நிமிர்ந்து உட்காரவில்லை. ஓதும்போது நீண்ட வசனங்களில் மூச்சு நின்றது. ருகூவிலிருந்து எழும்போதெல்லாம் தோளைத் தூக்கித் தூக்கிச் சரிசெய்துகொண்டாள். தனியே அழைத்து விசாரித்தபோது அழுதுவிட்டாள். பன்னிரண்டு வயதில் அவளுடைய அம்மா வாங்கித் தந்த அளவையே மூன்று ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வாங்கித் தந்துகொண்டிருந்தார். தோளிலும் விலாவிலும் நாடா பதிந்த தழும்பு. “அம்மாகிட்ட சொன்னியா?” என்றோம். “எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, உஸ்தாத்” என்றாள்.

விசாரிக்கத் தொடங்கிய பின்னர்தான் அவள் ஒருத்தி அல்லள் என்று தெரிந்தது. கொக்கி அறுந்ததை ஊக்கு குத்தி அணிபவள் ஒருத்தி. அக்காளின் பழையதை அணிபவள் ஒருத்தி. வலிக்கிறது என்பதற்காக வீட்டில் ஒன்றுமே அணியாமல், அதனாலேயே விருந்தினர் வந்தால் அறையை விட்டு வெளியே வராதவள் ஒருத்தி. இப்பிள்ளைகளின் வாயை அடைத்தது எது? வெட்கம் என்று நாம் பெயர் சூட்டியிருக்கும் மௌனம்.

ஹயா எது, மௌனம் எது?

மாதவிடாய் முடிந்து குளிப்பது எவ்வாறு என்று அன்ஸாரிப் பெண் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடமே வந்து கேட்ட செய்தி நமக்குத் தெரியும். நறுமணம் தோய்த்த பஞ்சால் தூய்மை செய்துகொள்ளுமாறு பெருமானார் கூறினார்கள். அப்பெண்ணுக்கு விளங்கவில்லை, மீண்டும் கேட்டார். நபியவர்கள் நாணித் தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போது அன்னை ஆயிஷா (ரலி) அப்பெண்ணைத் தம் பக்கம் இழுத்து, செய்முறையை விளங்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் வெட்கமும் இருக்கிறது, கல்வியும் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டது வெட்கம். ஆயினும் கேட்டவர் பதிலின்றித் திரும்பவில்லை. பெண்ணுக்குப் பெண் சொல்லிக்கொடுத்தார். அதே அன்னைதாம், மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாக இராத அன்ஸாரிப் பெண்களைப் பாராட்டியவர்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், இழுத்து உட்காரவைத்துச் சொல்ல ஓர் ஆயிஷா இல்லை. பாதிச் சுன்னத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டோம்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறோம். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், பெண் மய்யித்துக்குக் கஃபன் துணிகள் ஐந்து. அவற்றுள் ஒன்று மார்பைக் கட்டும் துணி. அது எங்கே தொடங்கி எதுவரை வரவேண்டும், எந்தத் துணிக்கு மேல் கட்டவேண்டும் என்றெல்லாம் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. குளிப்பாட்டும் பெண்களுக்கு நாங்கள் அதைச் செய்துகாட்டிப் பழக்குகிறோம். எந்தப் பெரியவரும் வந்து எங்களை இதுவரை கேள்வி கேட்டதில்லை. இறந்த பெண்ணின் மார்புத் துணி கலைந்துவிடக் கூடாது என்று அக்கறை கொள்ளும் மார்க்கம், உயிரோடு இருக்கும் மகளின் விலாவில் தழும்பு விழுவதைப் பேச வேண்டாம் என்றா சொல்லும்? உடலுக்கு உன்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்கு உணர்த்தியது ஆண்களின் உடலுக்கு மட்டுமன்று.

கடைவீதியில் நடப்பது

திண்டிவனத்தில் ஒரு தாய். நேரு வீதியில் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவர் செல்லக்கூடிய கடையில் நிற்பவரோ அதே ஜமாஅத்தைச் சேர்ந்தவர், கணவருக்கு அறிமுகமானவர். அவர் முன் நின்று எண்ணைச் சொல்ல நா எழவில்லை. எனவே பேருந்து ஏறி, நாற்பது கிலோமீட்டர் தொலைவில், தம்மை எவரும் அறியாத விழுப்புரத்திற்கு வருகிறார். அங்கும் மேசைக்கு அப்பால் நிற்பவர் ஓர் இளைஞர். “34-ஆ, 36-ஆ அக்கா?” என்று கேட்கிறார். தாய் தலைகுனிந்தபடி ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி, பெட்டியைத் திறந்தும் பாராமல் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வெளியேறுகிறார். வீட்டில் மகள் போட்டுப்பார்க்கிறாள், பொருந்தவில்லை. உள்ளாடை திரும்பப் பெறப்பட மாட்டாது என்று கடையில் எழுதித் தொங்குகிறது. பணமும் போயிற்று, பேருந்துக் கட்டணமும் போயிற்று. வலி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

இதில் வெட்கம் எங்கே காப்பாற்றப்பட்டது? அந்நிய ஆணிடம் எண் சொல்ல வேண்டிய நிலைக்குத் தாயைத் தள்ளியது நம் மௌனம்தான். ஜவுளிக்கடை நடத்தும் நம் சகோதரர்களிடம் நேராகவே கேட்கிறோம்: ஜும்ஆவுக்குக் கடையை அடைக்கத் தெரிந்த உங்களுக்கு, உள்ளாடைப் பகுதியில் ஒரு பெண்ணை நிறுத்தவும், ஒரு மூலையில் திரை கட்டவும் தெரியாதா? அது வியாபாரத்திற்கும் நல்லது, அமானத்திற்கும் நல்லது.

“எங்கள் பாட்டிமார் இதையெல்லாம் பார்த்தா வாழ்ந்தார்கள்?” என்பாரும் உளர். பாட்டிமார் அளவு கொடுத்துத் தைத்த ரவிக்கை அணிந்தவர்கள். சென்னைப் பாண்டி பஜாரில் உள்ளாடைக்கென்றே பெயர்பெற்ற நாயுடு ஹாலும் 1939-இல் தையற்கடையாகத் தொடங்கியதே. உடலை அளந்து துணியை வெட்டுவதே நம் பழைய வழக்கம். பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கு உடலைப் பொருத்திக்கொள்ளச் சொல்வதுதான் புதிய வழக்கம்.

அளவை அறிவது எப்படி?

தாயோ அக்காளோ வீட்டிலேயே அளந்துவிடலாம். மெல்லிய ஆடைக்கு மேல் அளந்தாலே போதும்.

முதல் அளவு, மார்பகத்திற்குச் சற்றுக் கீழே, விலாவைச் சுற்றி. டேப் முதுகிலும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும். மூச்சை வெளிவிட்ட நிலையில் உடலோடு ஒட்டி எடுக்கவேண்டும். இரண்டாவது, மார்பின் முழுமையான பகுதியைச் சுற்றி, இறுக்காமல். இவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டியின்மேல் உள்ள 32, 34, 36 என்னும் எண் விலாச் சுற்றைச் சார்ந்தது. அதனருகே உள்ள ஏ, பி, சி, டி என்னும் எழுத்து, கிண்ணத்தின் கொள்ளளவைக் குறிப்பது. அமெரிக்காவில் 1932-இல் கேம்ப் என்னும் நிறுவனம் கொண்டுவந்த முறை இது. இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடும்போது எழுத்து ஒரு படி ஏறும். நம் நாட்டில் பல நிறுவனங்கள் விலாச் சுற்றோடு 4 அல்லது 5 அங்குலம் கூட்டியே எண்ணிடுகின்றன. அதாவது, விலா 29 அல்லது 30 அங்குலம் உள்ளவருக்கு 34 வரும். ஆகவே பெட்டியின் பின்புறத்து அட்டவணையில் உங்கள் இரு அளவுகளும் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்தே வாங்குங்கள்.

நம் பெண்கள் செய்யும் பெரும் பிழை இங்கேதான். 34 பி இறுக்குகிறது என்றால் கடைக்காரர் 36 பி எடுத்துத் தருவார். உண்மையில் தேவைப்பட்டது 34 சி ஆக இருக்கலாம். எண்ணைக் கூட்டினால் முதுகுப் பட்டை தளர்ந்து மேலேறும். எடையைத் தாங்கவேண்டியது அப்பட்டையே. அது தளர்ந்தால் எடை முழுவதும் தோள்நாடாவுக்குப் போகும், நாடாவை இறுக்குவோம், தோளும் கழுத்தும் வலிக்கும், தைலம் தடவிக்கொண்டு திரிவோம்.

அணிந்தபின் சோதிப்பதும் எளிது. பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். அதற்குள் இரண்டு விரல் நுழையவேண்டும். அதற்குமேல் தளரக் கூடாது. மேற்புறமோ பக்கவாட்டிலோ பிதுங்கினால் கிண்ணம் சிறிது. துணி சுருங்கி மடிந்தால் பெரிது. புதியதைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில் மாட்டுங்கள். எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிகளுக்கு வரலாம். பிறகு கைகளைத் தூக்கித் தக்பீர் கட்டி, ருகூவும் ஸஜ்தாவும் செய்து பாருங்கள். இடம் மாறாமலும் குத்தாமலும் இருந்தால் அதுவே உங்கள் அளவு. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், பெரியவர்கள் பேறுகாலத்திற்குப் பின்பும், உடல் எடை மாறும்போதும் மீண்டும் அளக்கவேண்டும்.

பேசாமல் விட்டால் வருவது

பர்தா அணிகிறோமே, உள்ளே எப்படி இருந்தால் என்ன என்று கேட்கிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் அபாயாவுக்குள் வியர்வையில் ஊறும் இறுக்கமான செயற்கை இழைத் துணி என்ன செய்யும் என்பதைத் தோல் மருத்துவரிடம் காத்திருக்கும் நம் பெண்கள் அறிவார்கள். பருத்தியே நம் ஊருக்கு ஏற்றது. துவைத்ததை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று குளியலறைக்குள்ளும், மற்றொரு ஈரத் துணிக்கு அடியிலும் மறைத்து உலர்த்துகிறோம். வெயில் படாத ஈரத்தில்தான் படை வளரும். மாடியில் மறைவான மூலையில் ஒரு கொடி கட்டித் தருவது வீட்டு ஆண்களின் கடமை.

இரண்டு ஆண்டுகள் முழுமையாகப் பாலூட்டுவதைத் திருக்குர்ஆன் 2:233 பேசுகிறது. பாலூட்டும் தாய்க்கு இறுக்கமான உள்ளாடை பால் கட்டிக்கொள்ள வழிவகுக்கும். குழந்தைக்குச் சட்டை வாங்கும் மாமியார், மருமகளுக்கு முன்புறம் திறக்கும் உள்ளாடை ஒன்றும் சேர்த்து வாங்கினால் அது ஸதகாவில் சேரும்.

உள்ளாடை அணிந்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் இதனை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டவர்கள் அவ்விரண்டுக்கும் தொடர்பு காணவில்லை. ஆனால் இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே என்பது உண்மை. தன் உடலின் அளவையே அம்மாவிடம் சொல்லப் பழகாத பெண், நாளை ஒரு கட்டி தட்டுப்பட்டால் யாரிடம் சொல்வாள்? முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம்மிடமிருந்து தொலைவில் இல்லை; வாய்தான் தொலைவில் இருக்கிறது. எங்கள் அச்சமெல்லாம் இதுதான்.

முடிவாக

அந்தப் பெரியவர்களின் கவலையை நாங்கள் இகழவில்லை. விளம்பரப் பலகைகளும் கைப்பேசியும் பெண்ணுடலைக் கடைச்சரக்காக்கும் காலத்தில் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயமே. ஆனால் தாய் பேசாத இடத்தில் அந்தக் கைப்பேசிதான் பேசும். மகள் கேள்வியை அதனிடம் கேட்கட்டும் என்று விட்டுவிடுவதா ஹயா?

தாய்மார்களே, இந்த வாரமே ஓர் இஞ்சு டேப் வாங்குங்கள். மகளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தி அளவெடுங்கள். தந்தையரே, அதற்கான பணத்தைக் கேள்வியின்றித் தாருங்கள். அதைப் பற்றிக் கேலி பேசாதீர்கள். வகுப்பை நிறுத்துமாறு எங்களைக் கேட்டுக்கொண்டவர்களுக்கு எங்கள் பதில்: நிறுத்த மாட்டோம். ஹைளையும் குஸ்லையும் கற்பிக்கும் அதே வகுப்பில், கதவைச் சாத்திக்கொண்டு, இதையும் கற்பிப்போம், இன்ஷா அல்லாஹ்.

அன்று அழுத மாணவி இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து ஓதுகிறாள். நீண்ட வசனத்தையும் மூச்சு முறியாமல் முடிக்கிறாள். எங்களுக்கு அது போதும்.

வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களுக்கு உடல்நலத்தையும் உண்மையான நாணத்தையும் ஒருங்கே அருள்வானாக! ஆமீன்.